வட்டக்காரர் விட்ட இடைவெளி

என் அப்பாவின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வட்டக்காரர் என்றால்தான் தெரியும். இரும்பு கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறை வைத்திருந்தார். பூ கேட்டால் பூ, மயில் கேட்டால் மயில், எதுவானாலும் வளைத்துக் கொடுப்பார். ஆனால் ஒவ்வொரு வேலையிலும் கீழே வலது மூலையில் தனக்கென்று ஒன்று வைத்துவிடுவார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு குட்டைக் கம்பி. வட்டமும் முழுசாக இருக்காது. ஒரு பக்கம் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடக்கும்.

“என்னப்பா, கம்பி பத்தலையா?” என்று கேட்காத ஆள் இல்லை. அதை மூடிக் கொடுத்தால்தான் கேட்டை எடுப்பேன் என்று ஒரு வாத்தியார் வாசலிலேயே நின்றார்.

“மத்ததெல்லாம் உங்க இஷ்டம் சார். அது என் இஷ்டம்,” என்றார் அப்பா. வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப்போனார். அப்பாவிடமிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது, சரியான அழுத்தக்காரர்.

“வட்டம் நாம ரெண்டு பேரு, உள்ள நம்ம புள்ளைங்க” என்று கல்யாணமான புதிதில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உள்ளே இரண்டு கம்பி, இரண்டு அண்ணன்கள். சரி, சின்னவனுக்கு ஆறு வருஷம் கழித்துப் பிறந்த நான் எங்கே?

“நீ அதுக்கு மேல அடிக்கிற பெயின்ட்டு,” என்பான் சின்ன அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்பது வயதில் ஒருநாள் பட்டறைக்குப் போனேன். சிவப்புப் பெயின்ட் வாசனையும் கருகிய இரும்பு வாசனையும் கலந்து வீசும் அந்த இடம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. அங்கே சாய்த்து வைத்திருந்த நாலு கேட்டிலும், வட்டத்துக்குள் மூன்றாவதாகத் துடைப்பக் குச்சியை நூலால் கட்டிவிட்டேன். அப்பா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு குச்சியாக, உடையாமல் அவிழ்த்தார்.

“குச்சியெல்லாம் வேணாம்மா. நீ இருக்கே அதுல. நல்லா பாரு.”

“எங்கப்பா இருக்கேன்? காட்டு!”

சிரித்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

அந்த ஆத்திரம் பெரியவளான பிறகும் போகவில்லை. நான் வீடு கட்டியபோது ஜன்னலுக்கு அளவெடுக்க வந்த அப்பாவிடம், “உன் வட்டம் என் வீட்டுல வேணாம்ப்பா. நான் இல்லாத குடும்பம் எனக்கெதுக்கு?” என்றேன். அளவு நாடாவைச் சுருட்டினார். “சரிம்மா,” என்றார். ஏழு ஜன்னல் செய்தார். ஒன்றில்கூட வட்டம் வைக்கவில்லை. நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

பட்டறை இப்போது பெரிய அண்ணன் கையில், மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது. போன மாதம் ஃபோன் செய்து கூப்பிட்டான். கீல் உடைந்து ஒரு பழைய கேட் வந்திருந்தது, நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் அப்பா செய்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கம்பி இருந்தது. வட்டம் முழுசாக மூடியிருந்தது.

“இதைப் பாத்ததும்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு,” என்றான் அண்ணன். “நீ பொறந்த அன்னைக்கு அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்க வந்தாரு. அப்ப முடிச்சு வச்சிருந்த வேற ஒரு கேட்டுல, இதே மாதிரி மூடின வட்டத்தை ரம்பம் போட்டு அறுத்தாரு. நல்லாத்தானேப்பா இருந்துச்சுன்னு கேட்டேன். ‘இவ்வளவுதான்னு மூடிட்டேன்டா. ஒருத்தி வந்துட்டா. வழி விட வேணாமா?’ன்னாரு.”

“இத்தனை வருஷம் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?”

“எட்டு வயசுல கேட்டது. சுத்தமா மறந்துபோச்சு.”

எத்தனை வாசலில், எத்தனை ஜன்னலில் அப்பா என்னை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! என் வீட்டில் மட்டும் இல்லை. நானே வேண்டாம் என்று சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

“எனக்கு ஒண்ணு செஞ்சு குடுண்ணா.”

அண்ணன் கம்பியைக் குழாய்த் துண்டின் மேல் வைத்து வளைத்தான். அப்பாவின் கை வரவில்லை, கோணலாக வந்தது. “நேராக்கிடுறேன் இரு,” என்றான்.

“கோணலா இருந்தா இருக்கட்டும். அந்த எடத்தை மட்டும் விட்டுடு.”