ஒருமுறை அடித்த கார்பன்

நேற்று அலமாரியை ஒழித்தபோது பழைய ஆங்கில அகராதிக்குள் அந்தக் கார்பன் தாள் கிடைத்தது. ஒரே ஒருமுறை பயன்படுத்திய கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்ததெல்லாம் வரி வரியாகத் தெரியும். இந்தத் தாளில் இப்போது ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. அப்படி ஆக்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் திருவண்ணாமலை நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். பத்திரம், ஜாமீன் மனு, நடுநடுவே மனநல டாக்டரின் அறிக்கைகள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் மனநிலையைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு எழுதித் தருபவர் அவர். கோழி கிளறிய மாதிரிக் கையெழுத்து. அதைப் படிக்க என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் டாக்டர் அறிக்கைக்குப் பதிலாக ஒரு கட்டுரை கொண்டுவந்தார், வெளிநாட்டு மருத்துவ இதழுக்கு. ஆறு வருஷ உழைப்பு. முகத்தில் கல்யாண வீட்டுக் களை. பிரசவத்துக்குப் பின் புத்தி பேதலித்துக் கைக்குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியது அது. சுயநினைவோடு செய்யவில்லை என்று டாக்டர் எழுதிய அறிக்கையால் விடுதலையான பெண். பிறகு வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தியதும் அவரே. பெயர் இல்லை, ஊர் இல்லை, வயதைக்கூட மாற்றியிருந்தார். மூன்று பிரதி கேட்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கார்பன் தேய்ந்திருந்ததால் இரண்டு புதிது வைத்து அடித்தேன். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. இன்றுவரை அந்தப் பெண் கிணற்றருகே போவதில்லை, அண்டை வீட்டார் இறைத்துத் தரும் தண்ணீருக்குப் பதிலாகப் பூ தருகிறார் என்று இருந்தது.

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் ஒரு பூக்கார அக்கா. கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து குடிவந்தவர். மணிக்கட்டு வலி என்பார். தினமும் என் அம்மாதான் அவருக்கு இரண்டு குடம் தண்ணீர் சேந்தித் தருவார். அன்று என் தலையில் இருந்ததும் அந்த அக்கா கட்டிய கனகாம்பரம்தான்.

மாலையில் வந்த டாக்டரிடம், "சார், இவங்க எங்க தெருவுலதான் இருக்காங்க," என்றேன்.

"பேரே போடலியேம்மா!"

"பேரு எதுக்கு சார்? தண்ணி சேந்திக் குடுக்கறதே எங்கம்மாதான்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாகிவிட்டது. வெளிநாட்டுப் புத்தகத்தை இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொன்னேன்.

"நீ படிச்சிட்ட. நாளைக்கு அந்தப் பாப்பா படிக்கும்."

பாப்பா, குணமான பிறகு அந்தப் பூக்கார அக்காவுக்குப் பிறந்த பெண். அப்போது மூன்று வயது.

"அந்த வரிய மட்டும் எடுத்துடலாமே சார்?"

"அந்த வரிதாம்மா கட்டுரையே."

"அப்ப அவங்களையே ஒரு வார்த்த கேட்டுடுங்க."

"நான் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்க. என் ரிப்போர்ட்டாலதான் வெளிய வந்தோம்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. அதனாலதான் கேக்கவே கூடாது."

கையால் எழுதிவந்ததையும் மூன்று பிரதிகளையும் அங்கேயே கிழித்தார். கார்பனையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள்தான் பார்த்தேன், புதுக் கார்பனில் ஒன்று என் மேஜை டிராயரில் தங்கிவிட்டிருந்தது. கொளுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மனிதரின் ஆறு வருஷத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதன் மேலேயே விடுப்புக் கடிதம், ரேஷன் கார்டு விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் என்று அடித்துத் தள்ளினேன், எழுத்தின்மேல் எழுத்து விழுந்து எல்லாம் குழம்பும்வரை.

பௌர்ணமிகளில் கிரிவலம் வரும் டாக்டர், அக்காவின் பூக்கடையை முன்பின் தெரியாதவர் மாதிரிக் கடந்து போவார். மனநல டாக்டரை எப்படித் தெரியும் என்று யாரும் அக்காவைக் கேட்டுவிடக் கூடாதே. நானும் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தண்ணீர் சேந்தும் குடத்தை மட்டும் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

நேற்று குழாயில் தண்ணீர் வரவில்லை. நர்சிங் படிக்கும் பாப்பா விடுமுறைக்கு வந்திருந்தாள். கிணற்றடியில் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி அவளே சேந்தினாள்.

"எத்தனை வருஷமா அம்மாவுக்கு இந்தக் கை வலி அத்தை! டாக்டருங்க என்னதான் பாத்தாங்களோ. நான் படிச்சுக் கண்டுபுடிக்கிறேன் பாருங்க."

வீட்டுக்கு வந்து கார்பனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பிடித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.