முப்பத்தேழாம் நம்பர் சப்பாத்து

எங்களுக்குக் கலியாணம் நடந்தது ஒரு வைகாசியில். சுவிஸ் மலைப்பகுதியான எங்கடினில் நான் சமையல்காரனாக இருந்த ஹோட்டல் குளிர்காலப் பருவம் முடிந்து மூடியிருந்தது. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணம் போய், கலியாணம் முடித்து, ஹோட்டல் திறக்க முதல் திரும்பி வந்தேன். மனைவிக்கு விசா கிடைத்தது ஜனவரியில். இடையில் இருந்த மாதங்கள் எல்லாம் நாங்கள் போனில்தான் குடும்பம் நடத்தினோம். அவள் என்ன சமைத்தாள், நான் எத்தனை மணிக்கு வேலை முடித்தேன், அங்கே மழையோ, இங்கே பனியோ, இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. இருவருக்கும் வெட்கம்.

விசா வந்த செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்த யோசனை அவளுடைய கால்தான். ஜனவரியில் எங்கள் ஊரில் தெருவெல்லாம் இறுகின பனி. அவளிடம் இருந்தவை செருப்புகள் மட்டுமே. கால் என்ன சைஸ் என்று கேட்டேன். எதற்கென்று கேட்டாள். சும்மா என்றேன். முப்பத்தேழு என்றாள்.

ஊரில் ஒரு சப்பாத்துக் கடை இருந்தது. அதை நடத்தியது ரோமான்ஷ் என்ற அந்த மலைப்பக்கத்து மொழி பேசும் ஒரு அம்மா. குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் எப்போதும் தொங்கும் கண்ணாடி. நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, போடுகிறவர் வராமல் குளிர்காலச் சப்பாத்து வாங்குவது நல்லதல்ல, உங்கள் மனைவி வந்தபிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னார். விமான நிலையத்திலிருந்து இங்கே வரும்வரைக்கும் அவள் காலில் எதைப் போடுவாள் என்று நான் திருப்பிக் கேட்டேன். உண்மையில் எனக்கு வேறு ஆசை. வந்து இறங்கியதும் கொடுக்க என் கையால் ஒன்று வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு இரண்டு மூன்று சோடி எடுத்து வைத்தார். நான் மேலே வெள்ளை உரோமம் சுற்றி, பக்கத்தில் சிப் வைத்த, மெல்லிய கறுப்புத் தோல் சப்பாத்தைத் தெரிவு செய்தேன். அவ்வளவு வடிவு. கூடவே தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி. சப்பாத்தும் காலுறையும் ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டியவை என்ற எண்ணம் மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை.

சூரிச் விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது மெல்லிய சுடிதாரும், யாரோ சொந்தக்காரர் கொடுத்துவிட்ட பெரிய ஜக்கெட்டும் போட்டிருந்தாள். காலில் பட்டி வைத்த செருப்பு. விரல்கள் குளிரில் சுருங்கியிருந்தன. நான் அவளை ஒரு வாங்கில் இருத்தி, பையைத் திறந்து, காலுறையைப் போட்டுவிடக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஆக்கள் பாக்கினம்," என்றாள்.

ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் தங்கள் பாட்டில் போனார்கள். நான் முழங்காலில் இருந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்தேன். கலியாணத்தன்று அம்மியில் வைத்தபோது ஒருமுறை அந்தக் காலைப் பிடித்திருக்கிறேன். அப்போது ஐயர் அவசரப்படுத்தினார், புகைப்படக்காரர் முகத்தை நிமிர்த்தச் சொன்னார். இங்கே அவசரப்படுத்த ஒருவரும் இல்லை. காலுறையை இழுத்து, சப்பாத்துக்குள் காலைத் தள்ளி, சிப்பைப் பூட்டினேன். கொஞ்சம் பலமாகத்தான் இழுக்க வேண்டியிருந்தது. எப்படி இருக்கு என்று கேட்டேன். நல்ல வடிவு என்றாள். அளவோ என்று கேட்டேன். ஓம் என்றாள்.

மலையடிவாரத்து நகரமான கூர் வரைக்கும் பெரிய ரயில். அங்கே இறங்கி மலை ஏறும் சிவப்பு ரயிலுக்கு மாறினோம். நான் யன்னல் பக்கம் அவளை இருத்தி, அந்தப் பாலத்தைப் பாரும், இந்த மலையைப் பாரும் என்று காட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. தாய் தகப்பனை விட்டு வந்த துக்கம் என்று நினைத்தேன். கதைத்துக் குழப்பாமல் விடுவோம் என்று நானும் பேசாமல் இருந்தேன். என்னிடம் அவ்வளவு நிதானம் இருப்பதை எண்ணி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஊரில் இறங்கியபோது நன்றாக இருட்டவில்லை, பனி நீலமாகத் தெரிந்தது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஏற்றம். நான் இரண்டு பெட்டிகளையும் ஒரு கையால் இழுத்தேன். கொஞ்சத் தூரம் வந்ததும் அவள் என்னுடைய மற்றக் கையைப் பிடித்தாள். வெறுமனே அல்ல, முழங்கைக்கு மேலே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, என்மேல் சாய்ந்து நடந்தாள். அந்த ஏற்றத்தை நான் எத்தனை தடவை வேலைக் களைப்போடு ஏறியிருக்கிறேன், அன்று மட்டும் அது இன்னும் நீளாதா என்றிருந்தது. வழியில் ஹோட்டலில் வேலை செய்கிற ஒருவன் எதிரே வந்து வணக்கம் சொன்னான். அவன் கண்டதில் எனக்கு மெத்தச் சந்தோசம்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோதுதான் விசயம் தெரிந்தது. இரண்டு குதிக்காலிலும் தோல் உரிந்து, கம்பளிக் காலுறையில் இரத்தம் ஊறியிருந்தது. சின்ன விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து அவள் காலை அதில் வைக்கச் சொல்லிவிட்டு, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முதல் நாளே குறை சொல்லக்கூடாதெண்டு இருந்தனான்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உண்மையில வடிவான சப்பாத்துதான்," என்றாள்.

அடுத்த லீவு நாள் வரும்வரை அவள் என்னுடைய பழைய சப்பாத்தைப் போட்டுத் திரிந்தாள். உள்ளே இரண்டு காலுறை, முன்னால் பந்தாகச் சுருட்டிய பேப்பர். உறைந்துபோன ஏரியைப் பார்க்க அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். தாரா வாத்து மாதிரி ஆடி ஆடி நடந்தாள். ஏரிக் கரையில் நின்று, தண்ணீருக்கு மேல் ஆட்கள் நடப்பதைப் பார்த்துச் சிரித்தாள். போனில் நான் கேட்காத சிரிப்பு அது.

லீவு அன்று பின்னேரம் கடைக்குப் போனோம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம், ஆகவே பின்னேரம்தான் சரியென்று கடைக்கார அம்மா முன்பே சொல்லியிருந்தார். கம்பளிக் காலுறையைப் போடச் சொல்லி, அளவுப் பலகையில் காலை வைத்து நிற்கச் சொன்னார். முப்பத்தெட்டரை வந்தது. என்னைக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார். விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும், நடக்கும்போது குதிக்கால் மேலெழும்பக்கூடாது என்று அவர் ஜெர்மனில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். கடைக்குள் ஒரு சின்னச் சாய்வுப் பலகை இருந்தது. அதில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் அது சரிவராது.

மனைவி ஒவ்வொன்றாகப் போட்டு அந்தப் பலகையில் ஏறி இறங்கினாள். இடையில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இது மாட்டுத் தோலோ என்று கேட்கச் சொன்னாள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அம்மா ஓம் என்று சொல்லி, தோல் இல்லாத வகையையும் எடுத்து வந்து வைத்தார். அதையும் போட்டு நடந்து பார்த்தாள். அதற்குள் கால் வேர்த்தது. திரும்பத் தோல் சப்பாத்தைக் கையிலெடுத்து, மடித்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். சைவக் குடும்பத்துப் பிள்ளை, அது அவளே முடிவெடுக்க வேண்டிய விசயம்.

"கோயிலுக்கு இதைப் போட்டுக்கொண்டு வரமாட்டன்," என்றாள் கடைசியில். "பனிக்கும் வேலைக்கும் போடுறன்."

அவள் தெரிவு செய்தது மண்ணிறத்தில், கணுக்காலுக்கு மேலே வரும், கயிறு கட்டுகிற தடித்த சப்பாத்து. அடியில் ஆழமான வெட்டுகள். பார்க்க ஆண்களுடையது மாதிரி இருந்தது, அதை நான் வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். விழாமல் நடந்தால் காணும் என்றாள்.

வெள்ளை உரோமச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது, போட்டு நடந்தாயிற்று. எங்கள் ஹோட்டல் லோண்டரியில் வேலை செய்த போர்த்துக்கல் பெண் ஒருத்திக்குச் சின்னக் கால். கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று துள்ளினாள். அடுத்த ஞாயிறு தோடம்பழக் கேக் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனைவிக்கு அப்போது ஜெர்மனும் தெரியாது போர்த்துக்கீசும் தெரியாது. இருவரும் குசினிக்குள் நின்று கையால் கதைத்தார்கள். சில கிழமைகளில் லோண்டரியில் ஓர் இடம் காலியானபோது, முதலாளியிடம் போய் என் மனைவிக்காகக் கேட்டது அவள்தான். இந்த ஊரில் என் மனைவியின் முதல் வேலையும் முதல் சிநேகிதியும் என்னுடைய பிழையான சப்பாத்தால் வந்தவை.

மாசியில் ஒருநாள் அவள் தன் சப்பாத்தின் முன்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வருகிறது என்று முறைப்பட்டாள். தெருவுக்குப் போடுகிற உப்பு என்று நினைத்தேன். உப்பு காய்ந்தால் தோலில் அலை அலையாகக் கோடு விழும், ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். ஆனால் இது கோடாக இல்லை, திட்டுத் திட்டாக, தொட்டால் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்.

தோல் காய்ந்துபோனது மாதிரித் தெரிந்ததாம். ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைச் சூடாக்கி நன்றாகப் பூசியிருக்கிறாள். வீட்டுக்குள் இருக்கும்வரை பளபளவென்றிருக்கும், வெளியே குளிரில் இறங்கியதும் எண்ணெய் உறைந்து வெள்ளையாகும். இதைச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. சப்பாத்தைப் பல்கனியில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளை பூத்தது. இருவரும் கதவில் சாய்ந்து நின்று சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சப்பாத்துப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேலையால் வந்தால் இரண்டு சோடியையும் துடைத்து, உள்ளே பேப்பர் அடைத்து வைப்பேன். ஹைட்சுங் என்று நாங்கள் எல்லோரும் ஜெர்மன் பெயரிலேயே சொல்லும் அந்தச் சூடேற்றிக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், அடி கழன்றுவிடும். நன்றாகக் காய்ந்தபிறகு மெழுகைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்ப்பேன். தையல் ஓடுகிற இடத்தில் விரலாலேயே தேய்க்க வேண்டும், விரல் சூட்டில்தான் மெழுகு உள்ளே இறங்கும்.

அந்த முதல் வசந்தத்தில் ஹோட்டல் மூடியதும் சப்பாத்துகளைப் பெட்டியில் எடுத்து வைக்கலாம் என்று பல்கனியில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். வெயில் இதமாக இருந்தது. அவள் கயிறுகளைக் கழற்றிக் கழுவினாள், நான் வெட்டுகளுக்குள் இருந்த சின்னக் கற்களைத் தோண்டி எடுத்தேன். கையில் வேலை இருந்ததாலோ என்னவோ, அன்று நிறையக் கதைத்தோம். அவள் என்னைப் பற்றி முதலில் என்ன நினைத்தாள் என்றெல்லாம் கேட்டேன். அதோடு, வந்து இறங்கிய அன்று அவள் என் கையைப் பிடித்து நடந்தது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லிவிட்டேன். அவள் குனிந்து கயிற்றையே பிழிந்துகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"குதிக்கால் அப்பிடி நொந்தது," என்றாள் சிரிப்பை அடக்கமாட்டாமல். "பிடிக்காட்டி அதிலேயே இருந்திருப்பன்."

"அப்ப ரயிலில அழுதது?"

"அதுவும் காலாலதான்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிரஷ்ஷை எடுத்து, ஏற்கெனவே துப்புரவாக இருந்த அடியைத் திரும்பத் தேய்த்தேன். அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, என் பக்கத்தில் நகர்ந்து வந்து இருந்தாள்.

"ஆனா, ஒரு மனிசன் இவ்வளவு ஆக்கள் நடுவில முழங்காலில இருந்து சப்பாத்துப் போட்டுவிடுறான் எண்டால் பயமில்லாமல் வரலாம் எண்டு நினைச்சனான்," என்றாள்.

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, அவள் பிழிந்த கயிறுகளை எடுத்துக் கம்பியில் காயப் போட்டேன்.

பிறகு நாங்கள் கூருக்கு இறங்கி வந்துவிட்டோம். மகள் பிறந்தாள். மனைவி ஜெர்மன் படித்து, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். அந்த மண்ணிறச் சப்பாத்துக்கு இரண்டு தரம் அடி மாற்றினோம். போன குளிர்காலம்தான் விரல் மடிகிற இடத்தில் தோல் வெடித்து, மெழுகுக்கும் மசியாமல் போனது. சனிக்கிழமை போய் வேறு வாங்குவோம் என்று சொல்லிவைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வேலையால் வந்தபோது வாசலில் புதுச் சோடி ஒன்று இருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் தானே கடைக்குப் போய், தானே கேட்டு, நடந்து பார்த்து வாங்கிவிட்டாள். மகள் அதைப் போட்டு, ஹோலுக்குள் பாட்டி மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் கையிலெடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தையல் இறுக்கம், உள்ளே ஆட்டுக்கம்பளி, அடி மெத்தென்று வளைகிறது. கடைக்காரன் மெழுகு ஒன்றும் வேண்டுமோ என்று கேட்டானாம்.

"வீட்டில ஆளிருக்கு எண்டு சொன்னனான்," என்றாள் குசினிக்குள் நின்று.

தேத்தண்ணி வரும்வரை நான் வாசற்படியில் இருந்து முதல் பூச்சைப் பூசினேன்.