ரெண்டு இஞ்ச் தாராளம்

மனநல கிளினிக்கில் வேலை பார்க்கிற தாதிக்கு மனசைப் பற்றிக் கதைக்கிற நேரத்தைவிட வயிற்றைப் பற்றிக் கதைக்கிற நேரம்தான் கூட. மருந்து மனசைச் சுகப்படுத்தும். ஆனால் சிலருக்குப் பசியைக் கிளப்பிவிடும், உடம்பைப் பருக்க வைக்கும், நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். அதனால் மாதா மாதம் நிறை, பிரஷர், இடுப்பளவு எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு கிழமை உடப்பு, மறு கிழமை தில்லையடி என்று தராசைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைகிறவள் நான். இதே வேலை பார்க்கிற ஆட்களே, என் முதுகு வலி உங்களுக்கு விளங்கும்.

சும்மா நடந்த குற்றம்

உடப்பில் செல்வராசா என்று ஓர் அண்ணன். ஒரு காலத்தில் வருத்தம் முற்றிக் கடற்கரையெல்லாம் திரிந்தவர். இப்போது நல்ல சுகம், கிழிந்த வலை பொத்துகிறார், ஆனால் தொந்தி விழுந்துவிட்டது. பின்னேரத்தில் அரை மணித்தியாலம் நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வந்தால் நிறை இன்னும் கூட! எனக்குக் கோபம் வந்து நல்லா ஏசிவிட்டேன்.

மனுசன் நடக்காமல் இல்லை. கரையில் நடந்தவரை ஊர் ஆட்கள் "எங்க போற?" என்று கேட்டிருக்கிறார்கள். "சும்மா நடக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், பழையபடி தொடங்கிவிட்டது என்று ரெண்டு பேர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மனைவி ஒரே அழுகை. மறுநாளும் அதே கதை. நான் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, வழியையும் அவரே சொன்னார்: "கையில ஒரு மீன் பையோட நடக்கிறேன் மிஸி. பை இருந்தா வேலையாப் போறான்னு விட்டிருவாங்க."

திரைக்குப் பின்னால்

தில்லையடியில் வேறு பிரச்சினை. பெண்கள் தராசில் ஏறுவார்கள், ஊசிக்கும் கை நீட்டுவார்கள். அளவு நாடாவைக் கண்டால் மட்டும் "அல்லாவே, இடுப்பா?" என்று அபாயாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலைக்கு ஓடுவார்கள். கெஞ்சினேன், ஏசினேன், ஒரு சிலரைத் தவிர யாரும் மசியவில்லை.

எல்லோருக்கும் அக்காவான பௌசியா ராத்தாவும் அங்கே மருந்து எடுக்க வருகிறவதான். வீட்டில் தையல் வேலை. அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு உடுப்புத் தைப்பது அவதான். ஒருநாள் நான் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் நாடாவோடு திரைக்குப் பின்னால் போய் நின்றா. ஒவ்வொருத்தியாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். எனக்கு அவவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. நான் கூப்பிட்டால் மட்டும் ஏன் ஓடுகிறீர்கள் என்று ரிஸ்மியா என்கிற வாயாடியைக் கேட்டேன். அவள் சொன்னாள்: "நீங்க அளந்தா வருத்தம் எண்டுதான் சொல்லுவீங்க மிஸி. ராத்தா அளந்தா உடுப்பு வரும்."

ஊரே பருத்த மாதம்

அந்த மாத அளவுகளைப் பார்த்த எங்கட டொக்டர் பயந்துபோனார். முன்பு எப்படியோ அளவு கொடுத்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் ரெண்டு இஞ்ச் பருத்திருக்கிறார்கள்! நிறை அப்படியே இருக்கிறது, இடுப்பு மட்டும் ஏறியிருக்கிறது. மருந்தை மாற்றவா என்று கேட்கிறார். நான் நாடாவைப் பார்த்தேன், தராசைப் பார்த்தேன், கடைசியில் திரைக்குப் பின்னால் போய் நின்று ராத்தா அளப்பதையே பார்த்தேன்.

நாடா ஒன்று காட்டுகிறது, ராத்தாவின் வாய் இன்னொன்று சொல்கிறது. என்ன ராத்தா இது என்றேன். டொக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த பதில் இதுதான்: "சரியாப் புடிச்சா மூச்சு முட்டுமே மிஸி, நான் எல்லாருக்கும் ரெண்டு இஞ்ச் தாராளமா வுட்டுத்தான் சொல்றது."

தண்ணீர்ப் போத்தல்

பிறகு கொஞ்ச மாதத்தில் ராத்தாவே மெலிந்தா. "மாஷா அல்லாஹ், இளைச்சிட்டீங்க" என்று எல்லோரும் புகழ, அவவுக்கும் பெருமை. ஆனால் அன்றைக்கு அளந்துகொண்டிருந்தவ பக்கத்தில் வைத்த பெரிய போத்தல் தண்ணீரையும் குடித்து முடித்து, திரும்பத் திரும்பக் கொல்லைப்பக்கம் போய் வருவதைக் கண்டேன். விரலில் குத்திச் சீனி பார்த்தேன். மெஷினில் சீனி எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது.

கூட்டிப்போக வந்த அவவின் அண்ணனான நானாவோ, வாய் காய்வது மருந்தால்தான், நாளையிலிருந்து மருந்தை நிப்பாட்டப் போகிறோம் என்கிறார். அப்படியே விட்டிருந்தால் சீனியும் இன்னும் ஏறி, மருந்து நின்றதில் அவ கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த பழைய நாட்களும் திரும்பியிருக்கும். ஒரு கதையும் வேண்டாம், ஆட்டோவில் ஏறுங்கள் என்று பெரியாஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நினைவில்லாமல்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்றார்கள் அங்கே. வார்ட்டு வாசலில் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சிக்கு அந்த ஒரு வருத்தம்தான் எண்டு நெனச்சிட்டோம் மிஸி, இன்னொண்டும் வரும் எண்டு எங்களுக்குத் தோணவே இல்லையே."

ராத்தாவின் முறை

அல்ஹம்துலில்லாஹ், ராத்தா திரும்பி வந்துவிட்டா. மனசுக்கான மருந்தை டொக்டர் நிப்பாட்டவில்லை, வேறொன்றாக மாற்றினார், சீனிக்கும் குளிசை. முதல் கிளினிக்கில் ராத்தாவை யார் அளப்பது என்று பெண்களுக்குள் ஒரே இழுபறி. ஒருகாலத்தில் நாடாவைக் கண்டு ஓடிய ரிஸ்மியாதான் பறித்தெடுத்தாள். நாடாவைச் சுற்றிப் பிடித்தவள், மெலிந்த உடம்பைப் பார்த்துக் கலங்கிப்போய், பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லப் பார்த்தாள். ராத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டா: "தாராளம் வுடாம உள்ளதச் சொல்லு புள்ள, நான் இன்னும் கனநாள் இரிக்கோணும்."

இத்தனை காலம் தராசு தூக்கியதற்கு எனக்கு மிஞ்சியது முதுகு வலியும், அளவெடுக்காமலே ராத்தா ரெண்டு இஞ்ச் தாராளமாகத் தைத்துத் தந்த ஒரு சட்டையும்தான், அந்த ரெண்டு இஞ்சும் இப்போது எனக்குச் சரியாக இருக்கிறது.