வாயை ஊதிக் காட்டும் நேரம்

என் வீட்டுக்காரரின் வாயை மோந்து பார்த்தே என் பாதி ஆயுள் போயிற்று. அவர் கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு, மிளகு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். சாயங்காலம் வரும்போது சட்டை, தலைமுடி எல்லாம் சுக்கு நெடி அடிக்கும். அந்த நெடிக்குள் பிராந்தி ஒளிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், முகத்தோடு முகம் வைத்தால்தான் உண்டு. அதனால் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பேன். ஊதுவார். நாற்றம் வந்தால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். வராவிட்டால் "சரி, வாங்க" என்று விலகி வழி விடுவேன்.

குடியை விட்ட பிறகும் இது நிற்கவில்லை. நான் கேட்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு அவரே வாயைத் திறப்பார். விற்பதற்கு இட்லி மாவு அரைத்துக்கொண்டிருக்கிற நானும் கிரைண்டரை அணைத்துவிட்டு, மாவுக் கையோடு போய் மோந்துவிட்டு வருவேன். கோயிலுக்குள் நுழைகிறவன் கால் கழுவுகிற மாதிரி, எங்களுக்கு அது பழகிப் போயிருந்தது.

அவரைக் குடியிலிருந்து மீட்டது நானில்லை. நான் பத்து வருடம் அழுது பார்த்தும் சாபம் விட்டும் நடக்காததை ஒரு கூட்டம் செய்தது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில், குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடுவார்கள். பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார், சுமை தூக்குகிறவர் எல்லாம் ஒரே பெஞ்சில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு மனசைத் திறந்து பேசுவார்கள். யாருக்காவது குடிக்கத் தோன்றினால் இன்னொருவருக்குப் போன் போட வேண்டும். போன் வந்தவர் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வாய்த்தவர் இடக்கொச்சியில் மீன் வண்டி ஓட்டுகிற ஒரு சேட்டன். ஓணத்துக்கு முந்தின நாள் ஊரே பாட்டிலும் கையுமாகத் திரிந்தபோது, அவர் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போய் பிராட்வே கடைத்தெரு நெரிசலில் கடை கடையாக நடக்க வைத்து, இருட்டுவதற்குள் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார்.

கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் அவரைப் பார்த்தாலே எனக்கு எரியும். அங்கே ஹாலில் மணிக்கணக்காக வாய் ஓயாமல் பேசுகிற என் புருஷன், வீட்டில் "இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா" என்றால் "வை" என்பார். அவ்வளவுதான். அங்கே பேசியதை வெளியே பேசக் கூடாது என்பது வேறு அவர்கள் சட்டமாம். சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து ஆட்டலாம். ஒரு கூட்டத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

குடித்த காலத்திலாவது எனக்கு ஆள் இருந்தது. சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வருவாள், சாயா போட்டுக் கொடுத்து, கூட உட்கார்ந்து அவரைத் திட்டுவாள். அவர் விட்ட பிறகு, "ஒனக்கென்னடி, நல்ல காலம் பொறந்தாச்சு" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள். நல்ல காலம் பிறந்தவளுக்கு ஆறுதல் சொல்ல யார் வருவார்? தேனியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நான். இங்கே எனக்கென்று ஒரு சொந்தம் கிடையாது. மாவு வாங்க வருகிறவர்கள் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்ச நேரமெல்லாம் கிரைண்டர்தான் எனக்குப் பேச்சுத்துணை.

அதே ஹாலின் பின்னறையில் பெண்டாட்டிமார்களும் கூடுவோம். ஒருநாள் நான் இந்த ஊதுகிற கதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி புருஷனின் தண்ணீர் பாட்டிலை நக்கிப் பார்ப்பாளாம். இன்னொருத்தி ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் தூங்க மாட்டாளாம். அங்கே மூத்தவரான ஒரு சேச்சி மட்டும் சிரிக்கவில்லை. "மோளே, அதெ விடு. நீ போலீசு இல்ல. அவனெ நம்பணும்" என்றார்.

பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி. அன்றைக்கே விட்டேன். சாயங்காலம் அவர் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் மாவை வழித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் இருந்த ஒரு பேச்சும் போயிற்று. ஒரே வீட்டில் ரெண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். நம்புவது என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கூட்டம் முடிகிற நேரம் தாண்டியும் அவரைக் காணவில்லை. போன் அணைந்து கிடந்தது. சேட்டனைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு அவன் கூட்டத்துக்கு வந்நில்லல்லோ" என்றார். என் குரல் உடைந்தது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "பயப்படண்டா. நாங்க நோக்கிக்கலாம்."

போச்சு, எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து என்றுதான் தோன்றியது. அந்த மழையில் கூட்டத்து ஆட்கள் தேடக் கிளம்பினார்கள். கள்ளுக்கடைக்கு ரெண்டு பேர், பிவரேஜஸ் பிராந்திக்கடை கியூவுக்கு ரெண்டு பேர். அந்த இடங்களுக்கு அவர்கள் தனியாகப் போக மாட்டார்கள், போனவரும் அங்கேயே நின்றுவிடக் கூடாதே. ஒருவருக்கு ஒருவர் துணை. எனக்குத்தான் துணையில்லை. விளக்கைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் தானாகவே வந்தார். தொப்பலாக நனைந்து, வாசற்படியில் நின்றார். என் மூக்கு தானாக முன்னால் போயிற்று. சேச்சியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"எங்க போனீங்க?"

"போட் ஜெட்டில உக்காந்திருந்தேன். பழைய கூட்டாளி ஒருத்தன் வா வான்னு கூப்ட்டான். போகல. வீட்டுக்கு வரவும் தோணல."

துண்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இப்பக்கூட மோந்து பாக்க மாட்டியா?"

"உங்கள நம்பணும்னு சேச்சி சொன்னாங்க."

"குடிச்ச காலத்துலயும் சரி, விட்டப்பறமும் சரி," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு நாளைக்கு அந்த ஒரு நேரந்தான் ஒம்மொகம் எங்கிட்டக்க வரும். அதையும் நிறுத்திட்ட."

நான் மட்டும்தான் தனியாகக் கிடந்தேன் என்று நினைத்திருந்தேனே.

போன் அடித்தது. சேட்டன்தான், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரு சேட்டா" என்றேன்.

"குடிச்சிட்டுண்டோ?"

"இன்னும் பாக்கல" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வாசலுக்குப் போனேன். "ஊதுங்க" என்றேன். ஊதினார். சுக்கும் மழையும்தான் மணத்தன. அதன்பிறகும் நான் முகத்தை எடுக்கவில்லை.