நாற்பது எழுத்துப் பன்னா

சீனியம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் துணிதான். பதினான்கு வயதிலிருந்து மலையாளம் பேசும் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ரவிக்கை தைத்தவள். அவள் அந்தக் கடை மாடியில் அப்பு சார் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தபோது தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ஆனால் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடத்தில் மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட 'விட்த்', அதாவது அகலம், என்ற கட்டளை அவளுக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டது. விட்த் 80 என்று அடித்தால் திரையில் வரிக்கு எண்பது எழுத்து, பொடிப்பொடியாக வரும். விட்த் 40 என்றால் நாற்பதுதான், ஆனால் கொழுகொழுவென்று.

"இது பன்னாதானே சாரே?" என்றாள். துணியின் அகலத்துக்கு ஜவுளிக்கடையில் அதுதான் பேர்.

அப்பு சாருக்கு விளங்கவில்லை. "நீ தையல்காரி தன்னே," என்றார். அந்த மனிதர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

எண்பத்தேழாம் வருஷம் அவர் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கொரு விழா! திரையில் வரவேற்பு எழுதும் பொறுப்பைச் சீனியம்மாளிடம் கொடுத்தார். "நன்னாயி நடந்தா ரெண்டாவது டீச்சர் நீ. இல்லெங்கில் தையல் மெஷின் சவிட்டப் போய்க்கோ."

அந்த வேலை அவளுக்கு வேண்டும். பதினான்கு வருஷம் மெஷினை மிதித்த முழங்கால்கள் அவளைவிட அவசரமாக அதைக் கேட்டன.

சிறப்பு விருந்தினர், வைப்பின் தீவிலிருந்து படகேறி வந்த ஹெட்மாஸ்டர் வெங்கடேஸ்வரன். நாற்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். ஊரில் இது தெரியாத ஆள் இல்லை. 'வெல்கம் டு அவர் சீஃப் கெஸ்ட் ஸ்ரீ வெங்கடேஸ்வரன்' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியாகத் திரையில் வந்தது. இடைவெளியோடு நாற்பத்தைந்து எழுத்து, எல்லாம் பொடிப்பொடியாக.

"ஒந்நும் காணுன்னில்லா!" என்று பின்வரிசை கத்தியது.

அதற்கென்ன என்று சீனியம்மாள் விட்த் 40 அடித்து மறுபடி ஓட்டினாள். எழுத்துகள் பெருத்தன. நாற்பதாவது எழுத்தில் வரி முடிந்துபோக, 'வெங்கடேஸ்' மேலேயே நின்றுவிட்டது. கீழே தனியாக, பெரிதாக: 'வரன்'.

"வரன் ரெடி! பெண்ணு எவிடே?" என்றாள் முன்வரிசை அம்மாள் ஒருத்தி. அவ்வளவுதான், கூடமே அதிர்ந்தது. ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பு சார் பல்லைக் கடித்துக்கொண்டு, "மதி, போதும். நாளை மெஷினுக்குப் போய்க்கோ," என்றார்.

சீனியம்மாளுக்கு அழுகை வரவில்லை, தன் மேலேயே கோபம் வந்தது. போனதுதான் போகிறது என்று மைக்கைப் பிடித்தாள்.

"சேச்சிமாரே, தப்பு என்னுது. பெரிய பன்னாவுக்குப் போட்ட கணக்கைச் சின்ன பன்னாவில விரிச்சிட்டேன். துணி போதலேன்னா இந்தப் பெட்டி எங்கே வேணும்னாலும் கத்தரி வெச்சிரும். அதுக்கு அறிவு கிடையாது. எங்கே வெட்டணும்னு நாமதான் சொல்லணும்."

சொல்லிக்கொண்டே, ஒரு வரியை இரண்டாகப் பிரித்து அடித்தாள். பெயர் முழுசாக அடுத்த வரிக்கு இறங்கியது.

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்னா என்னன்னு எனக்கு இன்னிக்குத்தான் மனசிலாச்சு. கல்யாணத்தை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

மறுநாள் காலை சீனியம்மாள் மாடி ஏறவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு ரவிக்கையை எடுத்தாள்.

பத்து மணிக்கு, விழாவுக்கு வந்திருந்த ஐந்து பெண்கள் வகுப்பில் சேர மாடிப்படி ஏறினார்கள். ஏறிய வேகத்தில் இறங்கினார்கள். பின்னாலேயே அப்பு சாரும் இறங்கி வந்து மெஷின் அருகில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"இவங்களுக்கு நான் படிப்பிச்சா போதாதாம். நேத்து மைக்கில பறஞ்ஞ ஆள்தான் வேணுமாம்." கொஞ்சம் திணறினார். "டீச்சரே, மேல வரணும்."

சீனியம்மாள் தையலை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"இன்னும் ஒரு கை பாக்கியிருக்கு சாரே. தைச்சு முடிச்சிட்டு வரேன், நில்லுங்க."

அப்பு சார் நின்றார்.