வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பு

என் வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் ஏறிப்போய், ஓரத்து எலும்பு எலுமிச்சங்காய் மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. வரப்பில் நடந்தால் புல் பட்டாலே சுரீரென்னும். யாரிடமும் காட்டமாட்டேன், புடவையை இழுத்து மூடிக்கொள்வேன். மருமகள்தான் ஒருநாள் பார்த்துவிட்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

பெரிதாகக் கிழிக்கவில்லை. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, அது வழியாகவே எலும்பை வெட்டி நிமிர்த்தித் திருகாணி வைத்தார்கள். அன்றைக்கே நடக்கலாமாம். ஆனால் அடி கெட்டியான ஒரு செருப்பைக் கொடுத்து, "ஆறு வாரத்துக்கு இது இல்லாம ஒரு அடி வைக்கக்கூடாதும்மா. எலும்பு நகர்ந்துட்டா மறுபடி வெட்டணும்" என்றார் டாக்டரம்மா. தலையாட்டினேன்.

காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனாலும் வீட்டு நிலைப்படி வந்ததும் மனசு கேட்கவில்லை. வாரை அவிழ்த்து வாசலிலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்குள் செருப்போடு நடப்பதா? அதுவும் எங்கள் வீட்டில் சாமி மாடம் அடுப்படியிலேயே இருக்கிறது.

"அத்தை, செருப்பு வாசல்ல காவல் காக்குது. நீங்க உள்ள என்ன பண்றீங்க?" என்பாள் மருமகள். போட்டுக்கொள்வேன். அவள் அந்தப் பக்கம் போனால் கழற்றிவிடுவேன்.

உட்கார்ந்தாலும் நிம்மதி இல்லை. காலை நாற்காலி மேல் தூக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்க வீட்டுக்காரர் எதிரே காலை நீட்டிக்கொண்டு எப்படி உட்கார்வது? அவர் வந்தால் இறக்குவேன், போனால் ஏற்றுவேன். நாள் முழுக்க இதே வேலை.

காலைக் காட்டப் போன அன்று, டாக்டரம்மா அறை வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். நானும் விட்டேன்.

"செருப்பு எங்கம்மா?"

"வெளியில விட்டுட்டு வந்திருக்கேங்க."

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கொஞ்சம் நகர்ந்திருந்தது. இதற்குமேல் நகர்ந்தால் வெட்டத்தான் வேண்டுமாம்.

பஸ் ஏறி எங்க ஊர் குடவாசலுக்குத் திரும்பினோம். விஷயத்தைக் கேட்ட எங்க வீட்டுக்காரர், "செருப்புன்னு நெனைக்காத. மாவுக்கட்டுன்னு நெனச்சுக்க" என்றார். சொல்வது சுலபம்.

மறுநாள் காலை மருமகள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால். நான் செருப்போடு அடுப்படி நிலையில் நிற்கிறேன். போவதா வேண்டாமா? பால் ஓரத்தில் நுரை கட்டியது. குனிந்து வாரில் கை வைத்தேன். மறுபடி வெட்டு என்ற நினைப்பு வந்தது. நுரை விளிம்புக்கு ஏறிவிட்டது. கையை எடுத்துவிட்டு, மாடத்தைப் பார்க்காமல் டக் டக்கென்று உள்ளே போய் அடுப்பை அணைத்தேன்.

"அடுப்படியில யாரு செருப்போட?" என்று கொல்லையிலிருந்து ஒரு சத்தம்.

"நான்தான்" என்றேன்.

"நீங்களா! அப்படியே நடங்க அத்தை, கழட்டிடாதீங்க!"

எலும்பு அதற்கப்புறம் நகரவில்லை. டாக்டரம்மா செருப்பை விடச் சொல்லும் வரைக்கும் நான் அந்த மாடத்தை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.