செவலையின் தென்னை

பிள்ளைகளா, இன்று கடைத்தெருவில் அப்பா மட்டும் ஏன் இளநீர் குடிக்கவில்லை என்று கேட்டீர்கள்.

உங்கள் தாத்தா துபாய் போனதும், மாடு பார்க்க ஆளில்லாமல் என் அம்மா பசுவை விற்றார். கன்றையாவது விடுங்கள் என்று நான் புரண்டு அழுததால் கன்று செவலை மட்டும் எங்களிடம் நின்றது. தாய்ப்பால் இல்லாமல் பத்தே நாளில் செத்துப்போனது. ஊர் வழக்கப்படி கொல்லையில் தென்னம்பிள்ளைக்கு அடியில் புதைத்தோம்.

சில வருடங்களில் தென்னை காய்த்தது. முதல் இளநீரைச் சீவி அம்மா நீட்டினார்.

“மண்ணுக்குப் போனது மரத்துல ஏறியிருக்குடா. நம்ம செவலைதான், குடி.”

“அதோட பாலப் பறிச்சிட்டு, இப்ப அதையே நான் குடிக்கணுமாம்மா?”

அம்மா இளநீரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அதை எடுத்துப்போய்த் தென்னையின் தூரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், புரையேறாமல் குடிக்கட்டும் என்று.